மஞ்சள் கிண்ணம்

ஜார்ஜியா மாநிலம், கிரிஃபின் ஊர்,
ஜூலை.
வெர்னெல் டாட்சன் வீட்டு முன்புல்லில்
மூன்று மஞ்சள் கிண்ணங்களை
மண்ணோடு விளிம்பு பொருந்தப் புதைக்கிறாள் மார்லிஸ்.
தண்ணீர். ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு.
பூவென்று நம்பி இறங்கும் எதுவும்
இனி மிதக்க முடியாது.
சல்லடை பிடிக்க வந்தவன் நான்.

"என்ன பிடிக்கிறீங்க?"
"குளவி."

கதவு சாத்திக்கொண்டது.
ஏழு வருடம் முன்பு புல்வெட்டியின் சக்கரம்
ஒரு கூட்டின் மேல் ஏறியதில்
நாக்குத் தடித்து, தொண்டை அடைத்து,
ஆம்புலன்ஸ் கூரையின் திருகாணிகளை
எண்ணிக்கொண்டே போனவர்.
இன்றும் சட்டைப்பையில் ஊசிமருந்து,
பேனா இருக்க வேண்டிய இடத்தில்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கேட்டார்:
"எவ்வளவு பெரிசு?"
வாசலில் கிடந்த நாளிதழை எடுத்து
வானிலைச் செய்தி முடியும் முற்றுப்புள்ளியைக் காட்டினாள்.
"இதுல பாதி. உங்களைக் கொட்டாது.
தத்துப்பூச்சி முட்டைதான் அதுக்கு வேணும்."

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள்
என் மொழியில்.
புழுவைக் கேட்டுச் சொன்னதில்லை அது.
நேற்று பெர்முடா புல்லில் ஒரு படைப்புழு
முதுகு நிறைய வெள்ளைக் கூடுகளோடு,
யார் பெற்ற பிள்ளைகளோ,
தின்னவும் இல்லாமல் சாகவும் இல்லாமல் கிடந்தது.

இவருடைய சென்டிபீடு புல்லில் நூற்றுப் பதினொன்று.
பக்கத்து வீட்டு ஸோய்சியாவில் நாற்பது.
மாதாமாதம் மருந்தடித்து
ஒரு க்ளோவர் இலைகூடத் தலைநீட்டாத எதிர்வீட்டில்
ஒரு ஈ, ஒரு எறும்பு, சோப்பு நுரை.
மின்கட்டண உறையின் பின்புறத்தில்
பேஸ்பால் ஸ்கோர் போலக் குறித்துக்கொண்டார் வெர்னெல்.
எதிர்வீட்டு எண்ணைப் படிக்கும்போது மட்டும்
குரல் கொஞ்சம் உயர்ந்தது.

வியாழன் மருந்து லாரி வந்தது.
குழாயை இழுத்துக்கொண்டு இறங்கிய பையனிடம்
சட்டைப்பையைத் தொட்டபடி சொன்னார்:
"பின்பக்கம் அடி.
முன்பக்கம் ஆள் குடியிருக்கு."

அவ்வளவுதான். மனம் மாறினார் என்று சொல்லமாட்டேன்.
இப்போதும் பூட்ஸ் மாட்டித்தான் புல்லில் இறங்குகிறார்.

மூன்றாம் வாரம் பின்பக்கத்துக் கிண்ணத்தை வடிகட்டினோம்.
சல்லடையில் ஒரு தூசி.
லென்ஸுக்கடியில் அதற்கு இறகு இருந்தது,
இறகின் ஓரமெங்கும் நீள நீளமாய் மயிர்.
முன்புல்லிலிருந்து
வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும்,
அல்லது காற்று தூக்கிப் போட்டதோ என்னவோ.

வெகுநேரம் குனிந்து பார்த்தார் வெர்னெல்.
உறையைத் தேடி எடுத்து எழுதினார்:
பின்பக்கம், ஒன்று.
பிறகு மார்லிஸை நிமிர்ந்து பார்த்து,

"வந்த ஒண்ணையும்
நீங்க முக்கிட்டீங்க."