முதல் அலசல்

துவைக்காமல் போட்டுவிடாதே என்றாள் டெல்மி.
மூன்றாம் வரிசையில் கழுத்துப்பட்டி தைப்பவள்,
அவளுக்குத் தெரியாதா?
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பெட்டிக்குள் போகும்போது பால்போல் இருக்கும் சட்டை
அதற்குமுன் ஏழு பேர் மடியில் கிடந்தது.
ஒருத்திக்கு இருமல்.
ஒருத்தி சோளரொட்டி தின்ற விரலை
எதில் துடைப்பாள் என்று கேட்காதீர்கள்.
தரையில் விழுந்ததை எடுத்து, தட்டி,
அடுக்கில் வைத்தவள் நான்.
சுருக்கம் விழாமலிருக்க எதையோ தெளிக்கிறார்கள்.
தெளிக்கிற பையன் மூக்கில் துணி கட்டியிருக்கிறான்.
நாங்கள் கட்டவில்லை.

என் கணக்கு
ஊரார் பிள்ளைக்கு ஒரு நாளில் ஆயிரத்து நூறு தோள்.
தோள் என்றால் தோள் மட்டும்.
கழுத்து டெல்மியுடையது.
கால்பக்கத்துப் பித்தான் எங்கே விழும் என்பதை
ஏழாம் மாதத்தில்தான் யோசித்தேன்.

புதிதாகவே வாங்கலாம் என்றான் வில்மெர்.
சோலோமா கடைத்தெருவில், கண்ணாடிக்குப் பின்னால்,
நாங்கள் தைப்பது இல்லை,
அதைப் பார்த்துத் தைத்தது.
விலைச்சீட்டைத் திருப்பினான்.
திருப்பியபடியே விட்டுவிட்டான்.

ஆக, மூட்டைத்துணிக் கடை.
வடக்கேயிருந்து கப்பலில் வரும் மூட்டையை
வெள்ளிக்கிழமை காலையில் அறுப்பார்கள்.
அறுத்ததும் ஒரு வாசனை எழும்:
யாரோ வீட்டு அலமாரி, யாரோ வீட்டு நாய்.
முழங்கைவரை விட்டுத் துழாவும் பெண்களுக்கு நடுவே
வயிற்றை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு
நானும் துழாவினேன்.

கையில் வந்தது ஒரு சின்னச் சட்டை.
வாத்துகள். வெளுத்து வெளுத்து
வாத்தா எலுமிச்சையா என்று ஆகிவிட்ட வாத்துகள்.
பழக்கதோஷம், இடது தோளைத் திருப்பினேன்.
தையல் வெள்ளையில் இல்லை.
சந்தன நிறம்.

முந்தின வருஷத்துக்கும் முந்தின வருஷம், ஒரு புதன்கிழமை,
நூற்கண்டு தீர்ந்துபோனது.
எழுந்துபோய்க் கேட்டால் பத்து நிமிஷம்.
பத்து நிமிஷம் என்பது இருபது தோள்.
இழுப்பறையில் கிடந்த சந்தன நிறத்தைக் கோத்தேன்.
பன்னிரண்டு சட்டை ஓடியபின் வெள்ளை வந்தது.
மேற்பார்வைக்கார எவெலியோ கண்ணில் படவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை,
பாவமன்னிப்புக் கூண்டில்கூட.

பன்னிரண்டில் ஒன்று திரும்பி வந்திருக்கிறது.
இல்லை, வேறு ஊரில் வேறொருத்திக்கும்
அன்றைக்கு நூல் தீர்ந்திருக்கலாம்.
எட்டு லெம்பிரா கொடுத்தேன், பேரம் பேசவில்லை.

இரவு விளக்கடியில் விரித்துப் பார்த்தோம்.
கழுத்தோரம் போகாத பால்கறை.
கால்மடிப்பு பிரிந்து, யாரோ கையால் தைத்திருக்கிறாள்.
என்ன தையல் அது!
ஊசி பிடிக்கத் தெரியாதவள், பாவம்,
எறும்பு குடித்துவிட்டு நடந்ததுபோல்.
சிரித்தேன், இடுப்பு வலிக்கும்வரை.
பிறகு அந்த மடிப்பை இழுத்துப் பார்த்தேன்.
கெட்டியாகத்தான் இருந்தது.

யாரோ போட்டது, வெந்நீரில் மூன்று தடவை என்கிறாள் டெல்மி.
நூறு தடவை துவைத்தாயிற்று, இன்னுமா என்கிறான் வில்மெர்,
தண்ணீரே நாளைக்குத்தான்.
அலசும் முறையைச் சொல்லும் சீட்டு உள்ளே இருக்கிறது,
தொட்டிக்குள் ஒரு கை வரைந்திருக்குமே, அது.
லட்சம் தடவை அந்தச் சீட்டு என்னைக் கடந்து போயிருக்கிறது.
யாரோ முழுகுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.
இதில் கையும் இல்லை, தொட்டியும் இல்லை,
வெறும் வெள்ளை.

விடியற்காலம் நாலரைக்குக் குழாய் செருமியது.
எழுந்தேன். சிமெண்ட் தொட்டியில் சோப்பு உருண்டை,
சட்டை, என் கை.
புதுத்துணி என்றால் முதல் அலசலில்
தண்ணீர் கஞ்சியாகக் கலங்கும்.
இது கலங்கவில்லை.
அடியில் என் விரல்கள் தெரிந்தன,
ஊசி ஏறிய நகம்கூட.

அப்படியிருந்தும் இன்னொரு தடவை அலசினேன்.
ஏனென்று வில்மெர் கேட்கவில்லை.
கம்பியில் தலைகீழாகத் தொங்கி
வாத்துகள் சொட்டிக்கொண்டிருந்தன.
ஐந்தேகால் பஸ் ஆரன் அடித்தது.
ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தபடி ஓடினேன்.