கூட்டுத்தொகை

எத்தனை மில்லிகிராம் ஏற்றினார்கள் என்று
புது டாக்டர் கேட்கிறார்.
ஏழு வயதில் நான் எண்ணியது
வார்டு வாசல் தொட்டியின் ஆரஞ்சு மீன்களை.
பதினொன்று. அதைச் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.

பழைய கோப்பு ஏதோ ஒரு கிடங்கில்
நனைந்து ஒட்டிக்கொண்டதாம்.
கணினியில் மிச்சம் ஒரே வரி:
சிகிச்சை நிறைவு, 1999.

அம்மா அதற்கு வைத்த பெயர் பண்டோங்.
பையில் தொங்கிக் குழாய்வழி இறங்கிய சிவப்பை
"ரோஸ் சிரப்தான்டி, வாயே திறக்க வேணாம்" என்றாள்.
மறுநாள் சிறுநீரும் சிவந்தபோது
"பாத்தியா, பால் ஊத்த மறந்துட்டாங்க."
இன்றைக்கும் காப்பிக்கடையில்
பக்கத்தில் யாராவது பண்டோங் கேட்டால்
மேசை மாறி உட்காருகிறேன்.

எக்கோ அறையில் ரோஸ்மினா
இடது மார்புக்குக் கீழே குளிர்ந்த பசை தடவினாள்.
திரையில் சாம்பல்நிறக் கை ஒன்று
மூடித் திறந்து மூடி
எதையோ பிடிக்கப் பார்க்கிறது.
போன வருஷம் ஐம்பத்தாறு.
இந்த வருஷம் நாற்பத்தெட்டு.
இது பாஸா என்றேன்.
நான் படம் எடுப்பவள் மட்டும்தான் என்றாள்,
துடைத்துக்கொள்ளக்
கூடுதலாய் இரண்டு தாள் கொடுத்தாள்.

நம் வீட்டு வழக்கம் தெரியுமல்லவா,
வாசலில் நின்று "போறேன்" என்று சொல்லக் கூடாது.
அந்த நோயும் நன்றாக வளர்க்கப்பட்ட நோய்.
கிளம்பும்போது
"போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லியிருக்கிறது.
எங்களுக்குக் கேட்கவில்லை.
கேக் வெட்டிக்கொண்டிருந்தோம்.

பக்கத்துக் கட்டில் ஜுன் காய்க்கு
அதைக் கொன்ற மருந்து காதில் தங்கிவிட்டது.
எம்ஆர்டி கதவு மூடும் மணி அவனுக்குக் கேட்பதில்லை,
விளக்கைப் பார்த்து ஏறுகிறான்.
எனக்கு எந்த வழியாக வரும் என்று
நானும் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தேன்.
காப்புறுதிப் படிவத்தில் அந்த ஒரு கட்டத்தில்
'ஆம்' என்று எழுதியதும்
முகவர் பேனாவை மூடிவிடுகிறார்.

புக்கிட் பாத்தோக் வீட்டில் அம்மா
அலமாரி அடியிலிருந்து எடுத்தது ஒரு கணக்கு நோட்டு.
பின்னட்டையில் வாய்ப்பாடு. உள்ளே
நீல பால்பாயிண்டில்:
செவ்வாய். சிவப்பு. 40. வாந்தி நாலு தடவை. இட்லி அரை.
வெள்ளி. சிவப்பு இல்லை. முடியெல்லாம் தலையணையில்.
திங்கள். சிவப்பு. 40. மீன் எண்ணினாள்.

சமையலறை மேசையில் இருவரும் கூட்டினோம்,
அவள் விரல் மடக்கி, நான் கைப்பேசியில்.
இரண்டு விடையும் ஒன்றே.
அம்மா மறுபடியும் கூட்டினாள்,
குறையுமா என்று.

"நான்தானே கையெழுத்துப் போட்டேன்."
"போடாட்டி இன்னைக்குக் கூட்டிப் பாக்க
நான் ஏதும்மா?"
நோட்டை அவள் மூடவில்லை.

பிள்ளை பற்றிக் கேட்டது கடைசியில்,
கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு.
ஒன்பது மாதம் அது
இரண்டு பேருக்காக அடிக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.
முடியாது என்று சொல்லவில்லை.
முடியும் என்றும்.
மாத்திரை தொடங்குவோம்,
மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்.

வீட்டுக்குப் போகும் வழியில் மேம்பாலம்,
நாற்பத்திரண்டு படி.
இருபதாவதில் நான் நிற்பேன் என்று
கிரிதரனுக்குத் தெரியும்.
பத்தொன்பதில் அவன் நின்று
குனிந்து ஷூ கயிறு கட்டுகிறான்.
இன்று அவன் போட்டிருப்பது
ரப்பர் செருப்பு.