கோட்டோர், அருங்காட்சியகம்

கண்ணாடிப் பெட்டிக்குள் பாய்மரக் கப்பல்.
முழ நீளம். கயிறெல்லாம் தையல் நூல்.
ஒன்று அறுந்து மூன்று மாதம்;
பெட்டிச் சாவி
விடுப்பில் போனவரின் சட்டைப்பையில்.

நெவென்கா டிக்கெட் கிழிக்கிறாள்.
சன்னலில் இருந்த மலையை
பத்தரைக்கு ஒரு சொகுசுக் கப்பல் வந்து
மறைத்துக்கொண்டது.
பதினான்கு மாடி.
பட்டப்பகலில் விளக்கைப் போட்டாள்.

இறங்கி வந்தவர்கள்
மூழ்கியவர்களின் பெயர்ப்பலகை முன்
சிரித்துப் படமெடுத்தார்கள்.
கழிப்பறை எங்கே என்றார் ஒருவர்.
கடல் இருக்கும் பக்கம், என்றாள்.

சாயங்காலம்
அது சங்கு ஊதியது.
பெட்டிகள் நடுங்கின.
பிடிப்பு விட்ட முழக்கப்பல்
ஒரு நெல்லளவு நகர்ந்து
கண்ணாடியில் மூக்கை முட்டி நின்றது.

சன்னலுக்கு மலை திரும்பி வந்தது.
நெவென்கா விளக்கை அணைத்தாள்.
பதிவேட்டைத் திறந்து
குறிப்புகள் என்ற கட்டத்தில் எழுதினாள்:

4.40.
புறப்பட்டது.