பக்கத்துக்கு ஒரு வெள்ளி இருபது காசு

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
கோழிச்சோற்றுக் கடைக்கு மாடியில்
என் தட்டச்சுக் கடை.
சத்தியப் பிரமாணம், மணமுறிவு மனு,
சிவப்பு ஐ.சி.யை நீலமாக்கச் சொல்லிக் கெஞ்சும் கடிதம்
எல்லாம் அடித்திருக்கிறேன்.
எண்பத்து நாலில், ஒரு மழை நாளில்
டாக்டர் லோகநாயகி படியேறி வந்தார்.
அப்போது டாக்டர் இல்லை, வெறும் லோகநாயகி.
மைலோ டின்னுக்குள் பதினாறு கேசட்.

"கேட்டதை அப்படியே அடிங்க.
திருத்த வேணாம்."

லயத்தில் வீடு வீடாகப் போய்
கேட்டிருக்கிறார்:
குடும்பத்துக்குத் தலைவர் யார்.
சம்பளக் கவரைப் பிரிப்பது யார்.
மீனில் நடுத்துண்டு யாருக்கு.
கடைசியாகச் சாப்பிடுவது யார்.

இதற்கு ஒரு பட்டமா என்று
சிரித்துக்கொண்டேதான் அடித்தேன்.
ஏழாவது வீட்டில் ஒருத்தி
பதில் சொல்ல வாயெடுக்க
பின்னாலிருந்து ஆண் குரல்:
"ரொம்ப ஞாயம் பேசாத."

கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி
மூன்று முறை கேட்டேன்.
அன்றிரவு எங்கள் வீட்டில் தெங்கிரிக் குழம்பு.
நடுத்துண்டு எந்தத் தட்டுக்குப் போகிறது என்று பார்த்தேன்.
பார்த்தது மட்டும்தான்.

ஞாயம் என்றே அடித்துக் கொடுத்தேன்.
கோலாலம்பூரில் யாரோ ஒரு பரீட்சகர்
பச்சை மையால் அதை நியாயம் ஆக்கினாராம்.
இவர் மறுபடி ஞாயம் ஆக்கினாராம்.
ஆறு மாதம் பட்டம் நின்றது.
"கோர்ட்டில் கேட்டால் நியாயம்,
வீட்டில் கேட்டால் ஞாயம்" என்று
படியில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.
கேசட்டில் இல்லாததால்
அதை நான் அடிக்கவில்லை.

தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது
நஷ்டஈட்டுக் காசோலை எல்லாம்
குடும்பத் தலைவர் பெயருக்கு வந்தது.
ஒரு தலைவர் பதினோரு வருடமாக
சிங்கப்பூரில், வேறு குடும்பத்துக்குத் தலைவர்.
மனைவி பெயரில் மனு போட்டோம்.
டாக்டர் சாட்சிக் கூண்டில் ஏறினார்.
தோற்றது.
ஆனால் அந்த மனுவில்
ஓர் எழுத்துப்பிழை காட்டச் சொல்லுங்கள்.

நாற்பத்தோராவது கேசட்டை
நிறுத்த மறந்துவிட்டார்.
கார்க் கதவு. சில்லறை விழும் சத்தம். பொதுத் தொலைபேசி.
"சோறு ஆக்கி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்குங்க.
இல்ல, எட்டு மணிக்குள்ள.
சரி. சரி. சரிங்க."
மொத்தம் ஒன்பது சரி.
தனித் தாளில் அடித்து
மேசை இழுப்பறையில் போட்டுவைத்தேன்.
அதற்குப் பணம் கேட்கவில்லை.

புத்தகம் வந்தது. நன்றியுரையின் கடைசி வரி:
தட்டச்சு உதவி, பகாவ்.
பதிப்பகத்தின் தவறு என்று
அன்னாசி டார்ட்டுடன் ஓடி வந்தார்.
"பெயரில்லாத உழைப்பைப் பற்றி
எட்டு அத்தியாயம் எழுதிட்டு, மரகதவல்லி..."
"போகட்டும் டாக்டர்,
ஊரிலே தட்டச்சு நான் ஒருத்திதான்" என்றேன்.
சிரித்தது அவர் மட்டும்.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது,
கணினி வந்தது, அவருக்கு இருமல் வந்தது,
வீட்டு முகவரி இரண்டு முறை மாறியது.
பணி ஓய்வுக்கு அடுத்த மாதம்
தீப்பெட்டி அளவில் ஓர் ஒலிப்பதிவுக் கருவியை
அஞ்சலில் அனுப்பியிருந்தார்.

ஓட்டல் அறை. மின்விசிறி.
கேட்பதும் அவர், சொல்வதும் அவர்.
குடும்பத்துக்குத் தலைவர் யார்.
சொன்னார்.
சம்பளக் கவரைப் பிரித்தது யார்.
சொன்னார்.
மீன் கேள்விக்கு லேசாகச் சிரித்தார்.
கடைசியாகச் சாப்பிடுவது யார்.

மின்விசிறி சுற்றுகிறது.

"அடுத்த கேள்வி."

பக்கம் இப்போது மூன்று வெள்ளி,
அவருக்கு மட்டும் பழைய விலை.
மௌனம், பதினோரு நொடி என்று
அடைப்புக்குறிக்குள் அடித்தேன்.
திரும்பக் கேட்டபோது
ஆறாவது நொடியில் ஒரு லாரி,
செம்பனைக் குலைகளோடு
ரொம்பின் சாலைக்குத் திரும்பி
கியர் மாற்றுவது கேட்டது.
அதையும் சேர்த்தேன்.
அப்படியே அடிக்கத்தானே சொன்னார்.