பின் இடது

லாடா சமாரா, தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து வண்டி.
பாதி எனக்கு, பாதி நிடியாவுக்கு.
ஒரு வாரம் அக்கா ஓட்டுவாள், ஒரு வாரம் நான்.
சாவியைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போவோம்.
போர்வெனிர் வீட்டை விற்றதிலிருந்து இப்படித்தான்,
பதினோரு மாதம்.

புந்தா அரெனாஸில் ஜூலை, ஞாயிற்றுக்கிழமை.
கராஜின் தகரக் கதவைக்
காற்று விடாமல் உதைக்கிறது.
ஸ்டீரியோ என் செலவு, ஸ்பீக்கர் நான்கும் அவள் செலவு;
ரசீதுகள்தான் பேசிக்கொண்டன.
தனி ஆள் வேலை இல்லை இது.
ஒருத்தி டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடக்க வேண்டும்,
ஒருத்தி சாவியைத் திருப்ப வேண்டும்.
வந்தாள். கையுறையைக் கழற்றவில்லை.

பழைய ரேடியோவை இழுத்தால்
பின்னாலேயே சரிந்து வந்தது குடல்.
எங்களுக்கு முன் வைத்திருந்தவர் ஆஸ்பத்திரி ஊழியர்;
ஒவ்வொரு முடிச்சையும்
புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் சுற்றியிருந்தார்.
பழுப்பேறிப் பிசுபிசுத்தது.
ருஷ்யக் கம்பிகளுக்கு ஒரு நிற நியாயம்,
புதுப் பெட்டிக்கு வேறொன்று.
சிவப்பைச் சிவப்போடு சேர்க்கலாம் என்று யாரும் நம்பக்கூடாது.
டெஸ்ட் விளக்கை வைத்து ஒவ்வொன்றாக விசாரித்தேன்.

'போடு.'
'போட்டாச்சு.'
'நிறுத்து.'
'ம்.'

சாவி இல்லாமலே எரிந்தது மஞ்சளுக்கு.
சாவிக்கு மட்டும் எரிந்தது சிவப்புக்கு.
கறுப்பு உடம்பைக் கடிக்க வேண்டும்;
தகடு பளிச்சிடும் வரை பெயின்டைச் சுரண்டினேன்.
பிறகு பேட்டரியின் மைனஸைக் கழற்றிவைத்துவிட்டு
முறுக்கல், பற்றவைத்தல்.
வெள்ளையும் சாம்பலும் முன்னால்,
ஊதா பின் வலது, பச்சை பின் இடது,
ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கோடு போட்ட ஜோடி.
சுருங்கு குழாய்க்கு லைட்டரைக் காட்டும்போது
விரல்நுனி பொசுங்கியது. வாயைத் திறக்கவில்லை நான்.
கதவு வழியே ஒரு கை நீண்டது,
கையுறை நிறையப் பனி.
வாங்கி அழுத்திக்கொண்டேன்.

மைனஸை மாட்டியதும் நீல வெளிச்சம், பன்னிரண்டு மணி என்றது பொய்யாக.
எவளோ ஒருத்தி தவணையில் மெத்தை விற்றாள்.
'முன் வலது?'
'வருது.'
'முன் இடது?'
'வருது.'
'பின் வலது?'
'ம்.'
'பின் இடது?'
'அதுவும் வருது. ஆனா…'

ஆனாவை முடிக்காமலே பின்சீட்டுக்குப் போனாள்.
நட்டநடுவில் உட்கார்ந்தாள்,
முழங்கால் இடிக்கும் என்று சின்னதில்
இருவரும் தட்டிக்கழித்த இடம்.
கண்ணை மூடிக்கொண்டாள்.
'ரெண்டு பக்கமும் கேக்குது. நடுவுல ஆளே இல்ல.
அடிச்சத்தம் எங்கயோ போயிடுது.'

பச்சையையும் அதன் ஜோடியையும் இடம் மாற்றி மாட்டியிருந்தேன்.
ஒன்று தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கும்;
இரண்டும் முழு மூச்சாய் உழைத்து
இடையில் இருப்பதைத் தீர்த்துக்கட்டும்.
அவிழ்த்து மாற்ற இரண்டு நிமிஷம்.
டிரம் வந்து சீட்டின் முதுகில் தட்டியது.
'ம்' என்றாள்.
முந்தைய 'ம்' போல இல்லை,
அல்லது எனக்குத்தான் அப்படி.

ஆறு பொத்தான்கள். மூன்றில் என் நிலையங்களை நிறுத்திவிட்டு
மீதியைத் தொடவில்லை; அவள் வாரம் தொடங்கியிருந்தது.
போகும்போது பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
அவளுடையதாம்.

அடுத்த ஞாயிறு, தபால்பெட்டியில் சாவி.
நான்கில் கப்பல்காரர்களுக்கு வானிலை.
ஐந்தில் கால்பந்து, அவளுக்கு ஆகவே ஆகாது.
ஆறில் வெறும் இரைச்சல்.
கைதவறி அழுத்தியிருப்பாள் என்று
மாற்றாமலே ஓட்டிக்கொண்டு போனேன்.
படகுத்துறைக்கு இறங்கும் வளைவில்,
ஜலசந்தி கண்ணில் பட்ட இடத்தில்,
இரைச்சல் கிழிந்து அக்கரைக் குரல் ஒன்று நுழைந்தது:
போர்வெனிரில் நாய் ஒன்றைக் காணவில்லை,
சாம்பல் நிறம், ஒரு காது பாதிதான்,
கூப்பிட்டால் வராது,
கண்டவர்கள் கட்டிவைத்துவிட்டுத் தகவல் சொல்லவும்.