பதின்மூன்றாம் மாதம்

வைகாசிக் கடைசி.
வெண்ணாற்றில் தூர்வார வந்த பொக்லைன்
இரவு பதினொன்று நாற்பதுக்கு
சேற்றோடு சேர்த்து அள்ளிக் கரையில் போட்டது
கூத்தாநல்லூரின் பேச்சை.

நாற்பத்தெட்டு இழை.
தலைமுடிக்கும் மெல்லிய கண்ணாடி.
"தெரியாம பட்டுடிச்சுண்ணே" என்றான் செங்குட்டுவன்.
அவனுக்கும் மணிக்கணக்கில்தான் கூலி.
நான் திட்டவில்லை.

நான்கு மணி நேரம் தருவார்கள்.
அதற்குள் ஒட்டாவிட்டால்
கம்பெனி ஒப்பந்தக்காரரை வெட்டும்,
ஒப்பந்தக்காரர் சப்-கான்ட்ராக்டரை,
அவர் என்னை.
எனக்குக் கீழே
வெட்டுவதற்குக் கண்ணாடிதான் இருக்கிறது.

மேட்டூர் திறந்து
கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும்.
சில வருடம் வராது.
என் சம்பளமும் அந்த வாய்க்காலில்தான் வருகிறது.
அபராதத்துக்கு மட்டும்
நான் தலைமடை.

குடையைக் கட்டி, நெற்றி விளக்கை எரியவிட்டு
குழிக்குள் உட்கார்ந்தேன்.
நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு,
சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு...
இந்த வரிசையைத் தூக்கத்தில் சொல்கிறேனாம்.
விளக்கைச் சுற்றி ஈசல்.
ஒரு இறகு நடுவில் விழுந்தால் போதும்,
ஒளி அங்கேயே நின்றுவிடும்.

திருவாரூரில் ஒரு கூட்டத்தில்
தோழர் வேம்பையன் புதுச் சட்டத்தைப் படித்துக் காட்டினார்.
கம்பி யார் யார் நிலம் வழியே போகலாம்,
எப்போது ஒரு ஊரையே மௌனமாக்கலாம்,
எல்லாம் பத்தி பத்தியாக இருந்தது.
குழிக்குள் இருப்பவன்
எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம்?
கையைத் தூக்கிக் கேட்டேன்.
பின்வரிசையில் சிரித்தார்கள்.
அவர் மறுபடியும் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார், பாவம்.

மூன்று இருபத்தாறு. கடைசி இழை.
மீட்டரில் இழப்பு: பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.
இவ்வளவு குறைந்த இழப்பை
என் வாழ்க்கையில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கண்ட்ரோல் ரூமுக்குச் சொன்னால்தான் மணி நிற்கும்.
அழுத்தினேன்.
இனிய பெண்குரல்:
உங்கள் திட்டம் முடிவடைந்துவிட்டது.

நள்ளிரவோடு இருபத்தெட்டு நாள் முடிந்திருந்தது.
மளிகைக்கடை காலண்டரில் மாதம் பன்னிரண்டு.
கைபேசிக்குப் பதின்மூன்று.
எந்த மாதத்துக்கும் எந்த மாதத்துக்கும் நடுவே
அதைச் செருகினார்களோ,
அமாவாசை கிடையாது, முகூர்த்தம் கிடையாது,
ரீசார்ஜ் உண்டு.
என் சம்பள மாதமோ
நாற்பத்தைந்தாம் நாளிலும் முடிந்தபாடில்லை.

செங்குட்டுவன் எப்போதோ போய்விட்டான்.
சாலைக்கு ஓடினேன்.
விளக்கெரிந்த ஒரே வீடு
ஜெய்த்தூன் பீவியுடையது.
போன் கேட்கலாமென்று கேட்டைத் தொட்டேன்,
உள்ளே அது ஒலித்தது.

ஷார்ஜாவிலிருந்து மகன்.
"ஆஸ்பத்திரியில" என்ற சொல்லோடு
இரவு அறுந்துபோன பேச்சு.
நாலு மணி நேரமாக அந்த ஒரு சொல்லை
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்
இப்போது மீதி வாக்கியத்தைக் கேட்கிறாள்.

மூன்று முப்பத்தெட்டு.
துண்டியுங்கள் என்று எப்படிச் சொல்வது?
ஒட்டியவனே நான்.
நாற்பது.
காலில்தான் அடியாம். உயிருக்கு ஒன்றுமில்லையாம்.
நாற்பத்தேழு.
அழுகிறாள், சிரிக்கிறாள், சாப்பிட்டியா என்கிறாள்.
கேட்டின் கம்பி குளிர்ந்திருந்தது.

மூன்று ஐம்பத்தேழுக்கு
அவள் கொடுத்த போனில் சொன்னேன்.
தாமதம் பதினேழு நிமிடம் என்று
அங்கே யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.
காரணம் கேட்டார்கள்.
பட்டியலில் இருந்த ஆறு காரணங்களில்
எதுவும் பொருந்தவில்லை.
"மற்றவை" என்றேன்.

பீவி தேத்தண்ணி கொடுத்தாள்.
குடித்தபடி கணக்குப் போட்டேன்:
பதின்மூன்று இருபத்தெட்டு
முன்னூற்று அறுபத்துநான்கு.
வருடத்தில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது.
அது யாருடையது என்று
இதுவரை எனக்குக் குறுஞ்செய்தி வரவில்லை.