நூற்று இருபத்தைந்தாம் ஜெட்

எண்ணெய்த் தொட்டி ஃபில்டரைக் கழற்றினால்
அடியில் அரை விரல் செம்மண்.
கானாடுகாத்தான் சாலை
ஐம்பது வருடமாய் இங்கேதான் இறங்கியிருக்கிறது.
'ரெண்டு செங்கல் அறுக்கலாம்க்கா'
என்றான் சவரிமுத்து.

கூரியரில் வந்த சிவப்புக் கூம்பை மாட்டினோம்.
ஹெரால்டு தும்மியது,
கார்புரேட்டர் வாயில் நீலமாய் ஒரு நாக்கு நீட்டி
அணைந்தது.

பிளக் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.
காற்று கூடிவிட்டது, பெட்ரோல் பழைய கணக்கில்;
பந்தியில் இலை கூடி
சாம்பார் கூடாத கதை.

'ஓடிக்கிட்டிருந்த வண்டிதானே உமையாள்?'
என்றார் இவர், வாசலில் நின்றபடி.
ஓடியது.
மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது.

ஜெட்டை மாற்றினோம். நூற்றுப் பதினைந்து. வெளுப்பு.
நூற்று இருபது. இன்னும் சாம்பல்.
நூற்று இருபத்தைந்தில்
வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.
சவரிமுத்து பிளக்கை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
பெண் பார்த்தவன் போல.

மதியம் ரயில்வே கேட்டில் பத்து நிமிடம்.
கேட் திறந்தும் இழுக்கவில்லை.
புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே கூம்பு:
கொதிக்கும் அண்டா மேல் முகத்தை நீட்டி
மூச்சு வாங்கு என்றிருக்கிறோம்.

அடுப்படிச் சிம்னிக்கு வாங்கி
மிஞ்சிக் கிடந்த அலுமினியக் குழாய்
வலது விளக்குக்குப் பின்னால் நுழைந்தது.
கிரில் வழியே வெளிக்காற்று.

பள்ளத்தூர் தாண்டி, மூன்றாம் கியர்.
மிதித்ததும் முன்பில்லாத ஒரு குரல்,
அடித்தொண்டையில்.
பஸ்ஸை முந்தினேன்.

லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் குறைகிறது.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.